பட்டுக்கனி கையால் தின்றவர்கள்

அம்மாவுக்கு முதல் மருந்து ஏறிய அன்று மதியம், அவள் கையால் ஒரு வாயாவது தின்றிருந்த எல்லாருடைய நாக்கிலிருந்தும் உப்பு போய்விட்டது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டிலில் அம்மா கையை நீட்டிப் படுத்திருக்க, கம்பியில் தொங்கிய பையிலிருந்து சிவப்பு மருந்து சொட்டுச் சொட்டாக அவளுக்குள் இறங்கிக்கொண்டிருந்த அதே வேளையில், தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்களை ஒட்டியிருக்கும் எங்கள் தெருவில், கொதிக்கிற குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்த பெண்கள் எல்லாரும் உப்புச் சட்டிக்குக் கை நீட்டினார்கள், ஒரு கை அள்ளிப் போட்டார்கள், மறுபடி நக்கினார்கள், மறுபடி அள்ளிப் போட்டார்கள், அதற்கு மேலும் போட என்னவோ போலிருந்ததால் ஒருத்தி வாசலை ஒருத்தி எட்டிப் பார்த்தார்கள்.

அப்பாவும் நானும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து தயிர்ச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்திருந்தோம். ஒரு வாய் வைத்ததும் அப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "ஆஸ்பத்திரிக்கு எதுத்த கடைன்னா பத்தியச் சோறுதான் போடுவான் போல" என்றார். ஊறுகாயை நக்கிவிட்டு, "ஊறுகாய்க்கும் பத்தியம் பாக்கான்" என்றார். அப்பாவின் பெயர் ஐகோர்ட்துரை. உப்பு லாரியில் மூட்டை ஏற்றுகிறவர், பயந்தால் வேடிக்கையாகப் பேசுகிறவர். அன்று காலையிலிருந்து வேடிக்கையாகவே பேசிக்கொண்டிருந்தார்.

கட்டி வந்தது கழுத்தில். உப்பு வாரும்போது வழிகிற வேர்வையில் ஏதோ கட்டியிருக்கிறது என்று அம்மா சுண்ணாம்பும் கருப்பட்டியும் குழைத்துப் பற்றுப் போட்டுப் பார்த்தாள். நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்தும் அது வலிக்கவில்லை, வலிக்காததால் அவள் அதை நம்பினாள். கடைசியில் சதையை எடுத்துச் சோதித்துப் பார்த்த டாக்டர், எங்கள் மூன்று பேரில் படித்தவள் என்று என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டு, "நெறி கட்டும்னு சொல்லுவீங்கல்ல, அந்த இடத்துல வர்ற புற்றுநோய். லிம்போமா. மருந்துக்குக் கேக்குற வகைதான், பயப்படாதீங்க" என்றார். நான் பயந்தேன். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான், வேதியியல் படித்துவிட்டு உப்புக் கம்பெனிச் சோதனை அறையில் வேலை பார்க்கிறேன், வீட்டுக்கு வருகிற எந்தத் தாளையும் படித்துச் சொல்ல வேண்டியவள் நான்தான் என்பதால், படிக்கத் தெரியாத அப்பாவும் அம்மாவும் அறியாத ஒரு பயம் எனக்கு மட்டும் எப்போதும் உண்டு. என்ன எழுதியிருக்கிறது என்று எல்லாருக்கும் முன்னால் தெரிந்துவிடுகிற பயம்.

"வெறும் கட்டின்னு மட்டும் சொல்லு மக்ளே" என்று அப்பா கெஞ்சினார். நானும் அப்படித்தான் சொல்ல நினைத்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அம்மா என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "ஒனக்கு மொகத்துல பொய் நிக்காதுட்டி, சொல்லிரு" என்றாள். சொல்லிவிட்டேன். படித்தது எல்லாவற்றையும் சொன்னேன். முடி கொட்டும், வாய் புண்ணாகும், ருசி போகும் என்றும் சொன்னேன். யாருடைய ருசி என்பது அப்போது எனக்கே தெரியாது. அம்மா வல்லநாட்டு மலை தாண்டும் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். "அப்பம் அளத்துக்கு எப்பம் போவலாம்?" என்று மட்டும் கேட்டாள்.

மருந்து ஏற்றி அவளைக் கூட்டிக்கொண்டு நாங்கள் தெருவுக்குத் திரும்பியபோது, அம்மாவுக்கு அக்கா முறையான தங்கப்புஷ்பம் பெரியம்மை வீட்டு வாசலில் உப்புச் சட்டி உடைந்து கிடந்தது. எங்கள் தெருவில் உப்பு வாங்குகிற வீடு கிடையாது, அளத்தில் வாருகிறவர்கள் முந்தானையில் ஒரு கை முடிந்துகொண்டு வருவதுதான் வழக்கம் என்பதால், கோபத்தைக் காட்டுவதற்கு ஒரு கடைக்காரனும் அகப்படாமல் பெரியம்மை சட்டியையே தெருவில் வீசியிருந்தாள். "நம்ம கையால வாருன உப்பு நம்மளையே ஏமாத்துதே" என்று இடுப்பில் கைவைத்து நின்றவள், எங்களைக் கண்டதும் குரலை இறக்கி, அம்மாவின் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்து, வெளியே வந்து மறுபடி குரலை ஏற்றினாள். மறுநாள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பொட்டலம் என் கைக்கு வந்தது. சோதனை அறையில் எல்லாவற்றையும் கரைத்துப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. சொன்னேன். "சோதன சரியா இருக்கு, சோறு சரியா இல்லையே" என்றாள் பெரியம்மை.

விஷயம் உடைந்தது அவள் வீட்டில்தான். அவள் மகன் ஞானராஜுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. நாசரேத்துப் பக்கத்திலிருந்து வந்த பிரிசில்லா, வந்த இடத்தில் வாயைத் திறக்காத பெண், அன்றைக்கு மாமியார் ஊற்றிய குழம்பை ஒரு வாய் வைத்ததும் தட்டோடு வாசலுக்கு ஓடித் துப்பிவிட்டு, "அத்தை, கடல் தண்ணியிலயா கொழம்பு வச்சிய?" என்று கத்தினாள். தெரு முழுக்க அவளைக் கூப்பிட்டது. வீடு வீடாகப் போனாள், நக்கினாள், துப்பினாள், எல்லா வீட்டுக் குழம்பும் கடல்தான் என்றாள். உப்பு உப்பாகத்தான் இருக்கிறது, நாக்குத்தான் போயிருக்கிறது என்று அப்படித்தான் தெரிந்தது.

யார் யார் நாக்கு என்பது அடுத்த சில நாட்களில் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. தன் சமையலைத் தவிர வேறு எதையும் தின்னாத டீக்கடைப் பாலக்காட்டுக்காரருக்கு நாக்கு சரியாக இருந்தது. ஆனால் அளத்து வழியே போகும் பஸ்ஸின் கண்டக்டருக்குப் போயிருந்தது, ஏனென்றால் பசியோடிருந்த ஒரு காலையில் அம்மா அவருக்குத் தூக்குச்சட்டியிலிருந்து பழைய சோறு கொடுத்திருந்தாள். குவைத்திலிருந்து பக்கத்து வீட்டு மகன் போன் செய்து, இங்கே சாப்பாடு திடீரென்று சப்பென்று ஆகிவிட்டதே, ஊரில் ஏதாவது விசேஷமா என்று கேட்டான். மீன்காரியின் நாய்கூட, அம்மா போடுகிற கருவாட்டுத் தலைக்காகவே எங்கள் வாசலில் படுத்துக் கிடந்த நாய், கருவாட்டை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அளத்தில் வெயில் ஏறுகிற நேரம் எல்லாரும் உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு உட்காரும்போது, அம்மா தன் பெரிய தூக்குச்சட்டியைத் திறந்து, கேட்டவர்க்கும் கேட்காதவர்க்கும் ஆளுக்கொரு உருண்டை கையில் வைப்பாள். அவள் கையால் தின்னாதவர் யார் என்று தேடினால்தான் ஆள் அகப்படும் என்பது, அந்த வாரம்தான் எங்களுக்கே புரிந்தது.

ஒரு நாள் அளத்துக் கணக்கப்பிள்ளை எங்கள் தெருவுக்கு வந்து, பெரியம்மை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே நின்றார். எங்கள் வீடுகளில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத மனிதர். "இங்க எல்லாருக்கும் நாக்கு… ஒரு மாதிரி இருக்காமே?" என்றார்.

"ஆமா. பட்டுக்கனி கையால தின்னவங்களுக்கு. ஐயாவுக்கு என்ன?" என்றாள் பெரியம்மை.

அவர் வண்டியின் முன்சக்கரத்தைப் பார்த்தார். "கருவாட்டுத் தொவையல்" என்றார். "ஒரே ஒரு நாளு. வாசம் தாங்க முடியல."

தெரு சிரித்தது. ஒரு வாசலில் தொடங்கி அடுத்த வாசலுக்குத் தாவி எங்கள் வீட்டுக்குள் வந்த அந்தச் சிரிப்பு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்தது. "அவரு தூக்குச்சட்டிய வழிச்சி நக்குனது எனக்குத் தெரியும்ட்டி. நாய் நக்கிட்டுன்னு நான் நெனைச்சதாட்டு அவரு நெனைச்சிட்டு இருக்காரு" என்றாள். மருந்து ஏறியதற்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

இப்படித் தெரிந்தபின் தெரு அதற்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. மதியம் அடுப்புகள் இறங்கும் நேரத்துக்குப் பிரிசில்லா ஒரு எவர்சில்வர் கரண்டியோடு புறப்படுவாள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒவ்வொரு சட்டியாக நக்கிப் பார்த்து, "காணாது, இன்னும் ஒரு சிமிட்டா", "போதும் அத்தை, கையக் கட்டுங்க" என்று சொல்லிக்கொண்டு போவாள். ருசிக்காக இல்லாவிட்டாலும் உடம்புக்காக உப்பு வேண்டும் அல்லவா, வெயிலில் நிற்கிற உடம்பு. புதுப்பெண் என்று யாரும் அவளைக் கூப்பிடவில்லை, உப்புக்காரி என்று கூப்பிட்டார்கள். அவள் நாக்கைத் தெரு பத்திரமாகக் காத்தது. எங்கள் வீட்டில் மட்டும் ஒரு பருக்கையும் தின்னக் கூடாது என்பது மாமியார் போட்ட உத்தரவு. கரண்டியோடு வருகிறவள் எங்கள் வாசல் வந்ததும் அம்மாவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவாள். வீட்டு வாசலைத் தாண்டிய ஒருத்தியை வெறும் வாயோடு அனுப்பிப் பழக்கமில்லாத அம்மா, நாற்காலியில் உட்கார்ந்தபடி அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"என் நாக்கு போனது போவட்டும், ரதி" என்றாள் ஒருமுறை. "ஊரு நாக்கை ஏன் கொண்டுக்கிட்டுப் போச்சு? துருப்பிடிச்ச ஆணியச் சப்புன மாரி இருக்கு எனக்கு. அவங்களுக்கும் அப்பிடியா?"

"அவங்களுக்குச் சப்புன்னு மட்டும்தான் இருக்காம்மா."

"அது பரவால்ல" என்றாள், கொஞ்சம் ஆறுதலாக.

முடி கொட்டி முடிந்த சமயத்தில் கயத்தாற்றிலிருந்து வெள்ளத்தாய் அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. என் காதுகுத்து விருந்தில் அம்மா தன் இலையில் எலும்பாகப் பார்த்துப் போட்டாள் என்று சொல்லி, இனி இந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்று போனவள், நான் படித்து வேலைக்குப் போனதுவரை எட்டிப் பார்க்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றே சத்தம் போட்டாள். "ஒன் வீட்டுச் சோத்த விட்டு எத்தன வருசமாச்சு! இன்னும் ஒன் கையி என்னைய விடலையேட்டி! என் வீட்டுல எல்லாரும் உப்புப் போட்டுத் திங்காவ, நான் மட்டும் மண்ணத் திங்கேன்!" பிறகு உள்ளே வந்து, துண்டு நழுவிய அம்மாவின் தலையைப் பார்த்தாள். பையை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் கிடந்த பாத்திரங்களை எல்லாம் தேய்த்தாள். அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்பவில்லை.

அம்மாவின் கட்டி சுருங்கத் தொடங்கியது. நெல்லிக்காய் புளியங்கொட்டையானது, புளியங்கொட்டை மிளகானது, ஒரு நாள் தடவிப் பார்த்தபோது மிளகும் இல்லை. டாக்டர் என்னிடம் சிரித்துப் பேசினார். தெரு இதைக் கேட்டு ஒரு முடிவுக்கு வந்தது. பட்டுக்கனிக்கு நாக்கு திரும்பினால் நம் எல்லாருக்கும் திரும்பும், நமக்குத் திரும்பினால் அவளுக்கு நல்லாயிட்டு என்று அர்த்தம். யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியாது, கோயிலிலும் சர்ச்சிலும் அளத்திலும் ஒரே வார்த்தையாகச் சொல்லிக்கொண்டார்கள். காலையில் பல் விளக்கியதும் ஒரு கல் உப்பை நாக்கில் வைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் வைத்துப் பார்த்தார்கள். கணக்கப்பிள்ளை உப்பு அம்பாரத்திலிருந்து ஒரு கல்லை எடுத்து, யாரும் பார்க்காத மாதிரி வைத்துப் பார்த்தார். "ஏட்டி பட்டு, தீவாளிக்குள்ள நல்லாயிரு, கறி எடுத்து வீணாப் போவும்" என்று பெரியம்மை தினமும் வாசலில் நின்று மிரட்டினாள். அம்மாவும், "எனக்காவ இல்ல, ஒன் கறிக்காவ வேண்டுத, போக்கா" என்பாள்.

எனக்கு மட்டும் இன்னொன்று தோன்றியிருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லாமல் இருப்பது எனக்குச் சுலபமாகவும் இல்லை. உப்பு அம்மாவோடு கட்டுண்டு போயிருக்கிறது என்றால், அவள் நல்லபடியாகத் திரும்பி வந்தால் உப்பு வரும், சரி. அந்தக் கட்டு அறுந்தாலும் வருமே. அம்மாவின் நாக்கு என்று ஒன்று இல்லாமலே போனால், அதில் மாட்டிக்கொண்டிருக்கிற எங்கள் நாக்குகளெல்லாம் விட்டு விடுதலையாகிவிடுமே. தெருவே உப்புக்காகக் காத்திருந்தபோது நான் ஒருத்தி அது வந்துவிடக் கூடாது என்று காத்திருந்தேன். ஒவ்வொரு வாயையும் கண்ணை மூடிக்கொண்டு வைத்தேன், சப்பென்று இருந்ததும் மூச்சு விட்டேன். சப்பென்ற சோறு, இன்னும் அம்மா இருக்கிறாள் என்று எனக்கு வந்த சேதி.

அம்மா அதைப் பார்த்துவிட்டாள். ஒரு மதியம் எதிரே உட்கார்ந்திருந்தவள், "ஏன்ட்டி ஒவ்வொரு வாய்க்கும் கண்ண மூடுத?" என்றாள். நான் தட்டைப் பார்த்தேன். "உப்பு ரெண்டு வழியில வரும்னு நீ நெனைக்க" என்றாள் அவளே. நான் அழுததும் எழுந்து வர முடியாமல், கால் விரலால் என் முழங்காலைத் தொட்டாள். "எந்த வழியா வந்தாலும் உப்பு உப்புதான. தெருச் சனங்க வாய்க்கு ருசியாத் தின்னு எம்புட்டு நாளாச்சு."

அம்மாவின் குணத்தில் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தால், எடுக்கிறவரை எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. செய்தி காதில் விழுந்ததும் சோற்றில் இருக்கிற கை எழுந்துவிட வேண்டும், வைத்த குழம்பானாலும் கொட்டிவிட வேண்டும். எடுத்து முடிந்ததும் சாவு வீட்டுக்கு முதல் பானைச் சோறு கொண்டுபோவது அம்மா. ஆனால் செய்தி அவள் காதுக்கு முதலில் வந்துவிட்டால், அவள் உடனே சொல்ல மாட்டாள். தங்கப்புஷ்பம் பெரியம்மையின் புருசன் அளத்தில் சுருண்டு விழுந்து செத்த அன்று, ஓடிவந்த ஆள் அம்மாவிடம்தான் சொன்னான். பெரியம்மை அப்போதுதான் வேலை முடிந்து பசியோடு வந்திருந்தாள். அம்மா ஒரு தட்டில் சோறு போட்டுக் கொண்டுபோய், "சாப்புடுக்கா" என்று உட்கார வைத்து, மறுசோறும் போட்டு, அவள் கை கழுவிய பிறகு சொன்னாள். பெரியம்மை அதற்காக வெகுநாள் அம்மாவோடு பேசவில்லை. பேசிய நாளில், "அந்தச் சோத்துலதான் நான் எந்திரிச்சி நின்னேன், அந்தச் சோத்துலதான் அழுதேன்" என்றாள்.

அடுத்த மருந்துக்குப் போவதற்கு முந்தின நாள், அம்மா அதிசயமாக எழுந்து அடுப்படிக்கு வந்து தனக்கென்று கொஞ்சம் கஞ்சி காய்ச்சினாள். சட்டியை நான் பிடித்துக்கொண்டேன். கரண்டியோடு வந்த பிரிசில்லா வழக்கம்போலத் தலையாட்டினாள், ஆனால் போகவில்லை. படி ஏறி உள்ளே வந்து அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"உப்புப் பாக்கட்டா, சின்னத்தை?"

"வேண்டாந்தாயி. ஒன் மாமியா என்னையத் தூக்கிப் போட்டு மிதிப்பா."

"எல்லாரும் ஒங்க கைய்யப் பத்தியே சொல்லுதாவ. தெருவே ஒண்ணா இருக்கு, நான் மட்டும் ஒதுங்கி நின்னு உப்புத் திங்கேன். எனக்குத் தனியா இருக்கு" என்று சொல்லி உள்ளங்கையை நீட்டினாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தடுக்கவில்லை. அம்மா ஒரு கரண்டிக் கஞ்சியை அந்தக் கையில் ஊற்றினாள். பிரிசில்லா உறிஞ்சிவிட்டு, "உப்பு கொஞ்சம் கூடப் போச்சு" என்றாள். இன்னொரு தடவை கை நீட்டி, இன்னொரு தடவை உறிஞ்சினாள். "இப்பம் ஒண்ணும் தெரியல" என்று சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அம்மா கஞ்சிச் சட்டியை அவள் பக்கம் தள்ளி வைத்து, அவள் குடித்து முடிக்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து அவளுக்கு இருந்த ஒரு குறை தீர்ந்த முகம் அது. வெளியே பெரியம்மை தெரு அதிரக் கத்தினாள். "இனிமே எங்க கொழம்புக்கு எவ வந்து உப்புப் பாப்பா? ஒங்கப்பனா வருவான் நாசரேத்துலருந்து?" மறுநாளிலிருந்து, ஒரு சட்டிக்கு எத்தனை சிமிட்டா என்று பிரிசில்லாவின் விரல் நினைவில் வைத்திருந்ததைக் கொண்டு தெரு சமைத்தது.

அந்த மருந்துக்குப் பிறகு அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. கட்டியைக் கரைத்த மருந்து ரத்தத்தின் பலத்தையும் கரைத்துவிட்டது என்றும், இப்போது சின்னக் கிருமியும் பெரிதாகிவிடும் என்றும் டாக்டர் சொன்னார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. மறுபடி ஆஸ்பத்திரி. வெள்ளத்தாய் அத்தை வார்டுக்குள்ளே அம்மாவோடு இருந்தாள், அப்பா வராந்தாவில் இருந்தார், நான் இரண்டுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டாள். ரெண்டு மடக்குக் குடித்தாள். என்னைப் பார்த்து, "போய்க் குளிச்சிட்டு வா. ஒன் மேல ஆஸ்பத்திரி நாத்தம் அடிக்கி" என்றாள். அப்பாவும் மாற்றுத்துணி எடுத்து வரச் சொன்னார். வந்தேன்.

கஞ்சி கேட்டாள் என்ற சேதி எனக்கு முன்னால் தெருவுக்குப் போயிருந்தது. குளித்துவிட்டு வந்த என்னைப் பெரியம்மை கையைப் பிடித்துத் தன் வீட்டு வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை, அளம் கிடையாது, எல்லா வீட்டிலும் சாளை மீன் குழம்பு. வேப்பமரத்து நிழலில் பாதித் தெரு தட்டோடு உட்கார்ந்திருந்தது. எனக்கும் ஒரு தட்டு போட்டு, பிரிசில்லா குழம்பு ஊற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் வைத்தேன்.

முதலில் நுனியில் ஒரு சுருக்கென்றது. பிறகு நாக்கின் இரண்டு ஓரங்களிலும் ஈரம் ஊறியது. பிறகு புளியும் மிளகாயும் மீனும், இத்தனை மாதம் ஒன்றையொன்று தெரியாமல் கிடந்தவை, ஒன்றாக எழுந்து வாய் நிறைய நின்றன. நான் கண்ணைத் திறக்கவில்லை. மரத்தடியில் பேச்சு நின்றிருந்தது. யாரோ ஒருவர் மெல்ல, "ஏய்" என்றார். பிறகு ஒரு குழந்தை, "உப்பு!" என்று கத்தியது, பிறகு தெருவே கத்தியது. ஒருவர் தட்டை ஒருவர் வாங்கி நக்கினார்கள். வீட்டுக்குள் ஓடிக் கல் உப்பை அள்ளி வந்து வாயில் போட்டுக்கொண்டு, முகம் சுளித்துச் சிரித்தார்கள். மீன்காரியின் நாய் எங்கள் வாசலில் எழுந்து நின்று குரைத்தது. "பட்டுக்கு நல்லாயிட்டு! பட்டுக்கு நல்லாயிட்டு!" என்று பெரியம்மை மார்பில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தாள். பிரிசில்லா கரண்டியை விடாமல் பிடித்தபடி வந்து என் தோளைக் கட்டிக்கொண்டு, "மைனி, சின்னத்தைக்கு நல்லாயிட்டு மைனி" என்றாள்.

என் மடியில் போன் அடித்தது.

அப்பா. வராந்தாவின் சத்தம் கேட்டது, அவர் மூச்சு கேட்டது, தூரத்தில் வெள்ளத்தாய் அத்தையின் குரல் கேட்டது. "ரதி" என்றார். வேடிக்கையாக ஒன்றும் சொல்லவில்லை. "இப்பந்தான். இப்பந்தான் மக்ளே."

"சரிப்பா" என்றேன். "வாரேன்ப்பா."

போனை மடியில் கவிழ்த்து வைத்தேன். தெரு முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர் கையும் தட்டில் இல்லை, எல்லார் வாயும் திறந்திருந்தது, சோறு பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. நான் வாயைத் திறந்தால் இந்தக் கைகள் எல்லாம் எழுந்துவிடும், இந்தக் குழம்பு எல்லாம் மண்ணுக்குப் போய்விடும், பிறகு எடுக்கிறவரை இந்தத் தெருவில் புகை எழும்பாது. இத்தனை மாதம் கழித்து வந்த உப்பு.

"என்னட்டி சொல்லுதான் ஐகோர்ட்டு? எந்திரிச்சி உக்காந்துட்டாளாமா?" என்றாள் பெரியம்மை.

"சாப்புடுங்க பெரியம்மை" என்றேன். "மொதல்ல எல்லாரும் சாப்புடுங்க. பெறவு சொல்லுதேன்."

பெரியம்மையின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. அவள் என்னைப் பார்த்தாள். முகத்தில் பொய் நிற்காத என்னை, என் கண்ணை, என் வாயை, வெகுநேரம் பார்த்தாள். ஒரு தட்டுச் சோறும் எதிரே இப்படி ஒரு முகமும் அவளுக்குப் புதிதல்ல. மெல்லக் குனிந்து, தன் தட்டை இழுத்து மடிக்கு முன்னால் வைத்துக்கொண்டாள்.

"ஏல, என்ன ஆட்டம் அங்க?" என்று திரும்பாமலே அதட்டினாள். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. "எல்லாரும் உக்காந்து தின்னுங்க. ஆறிப் போவுது."

தெரு சிரித்துக்கொண்டே உட்கார்ந்தது. கைகள் தட்டுக்குத் திரும்பின. பெரியம்மை தன் தட்டிலிருந்த பெரிய மீனை எடுத்து என் தட்டில் வைத்தாள். பிறகு ஒரு வாய் பிசைந்து வைத்து மென்றாள். கண்ணிலிருந்து வழிந்தது உதட்டோரம் வரைக்கும் வந்தது, அவள் துடைக்கவில்லை. குனிந்து குழம்பு ஊற்ற வந்த பிரிசில்லா, "உப்பு சரியா இருக்கா அத்தை?" என்று கேட்டாள்.

"இருக்கு தாயி. சரியா இருக்கு. இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து."

நான் கண்ணை மூடாமல் ஒரு வாய் வைத்தேன்.